ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போய்விட்டது, மேனுவலாக மாற்றலாமா?

பின்சக்கரம் (இழை தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1990களின் கடைசியில் வந்த பின்சக்கர இயக்க செடான். ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், நான்கு வேக ஆட்டோமேட்டிக். இன்ஜின் சுத்தமாக ஓடுகிறது, பாடியில் துரு இல்லை. கியர்பாக்ஸ்தான் முடிந்துவிட்டது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது நழுவுகிறது. ஆயிலை இறக்கினால் கருகிய வாடை, அடித்தட்டில் உலோகத் தூள்.

இதே மாடல் ஐந்து வேக மேனுவலிலும் விற்கப்பட்டது. பழைய பாக்ஸைப் பிரித்து சரிசெய்வதற்குப் பதில் மேனுவலாகவே மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், கிளட்ச் மாற்றிய அனுபவம் உண்டு. ஆனால் முழு மாற்றம் செய்ததில்லை. கியர்பாக்ஸும் கிளட்சும் தவிர வேறு என்னென்ன தேவைப்படும்? எங்கே மாட்டிக்கொள்வேன்?

பட்டறைவாசி

தம்பி, மேனுவலிலும் விற்ற மாடல் என்கிறீர்கள் அல்லவா, பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. கம்பெனி ஏற்கனவே யோசித்து முடித்த வேலையை நீங்கள் பாகம் பாகமாகத் திரும்பச் செய்யப் போகிறீர்கள், அவ்வளவுதான். மேனுவலில் வராத மாடலாக இருந்திருந்தால் பெல் ஹவுசிங்கிலிருந்து (இன்ஜினோடு பாக்ஸை இணைக்கும் மணி வடிவக் கூடு) பெடல் வரை எல்லாவற்றையும் உருவாக்க வேண்டியிருக்கும்.

பெரிய பாகங்களை எல்லோரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். கியர்பாக்ஸ், ஃப்ளைவீல், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். வேலையை நிறுத்தி வைப்பது சின்னப் பாகங்கள்தான். ஆட்டோமேட்டிக் இன்ஜினின் பின்னால் இருப்பது ஃப்ளெக்ஸ்பிளேட் என்ற மெல்லிய தகடு. அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் குட்டையானவை, கனமான ஃப்ளைவீலுக்கு நீளம் போதாது. மேனுவலுக்கு உரிய போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். பல இன்ஜின்களில் அவை ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை, திரும்பப் போடக் கூடாது. அப்புறம் கிராங்க்கின் (இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) பின்முனையில் உட்காரும் பைலட் பேரிங். ஆட்டோமேட்டிக்கில் அதற்கு வேலையே இல்லை, ஆகவே உங்கள் இன்ஜினில் அது இருக்காது. அது இல்லாமல் பாக்ஸை ஏற்றினால் இன்புட் ஷாஃப்டின் முனைக்குத் தாங்கல் கிடையாது, பேரிங்குகள் சீக்கிரம் போய்விடும்.

மேனுவல் பாக்ஸின் நீளம் வேறாக இருந்தால், பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் விசையைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் மாறும். பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் வேறு துளைகளில் உட்காரும். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஓடும் குழாய், பெடல் தாங்கி, கியர் லீவர், அதன் இணைப்புத் தண்டுகள், லீவரைச் சுற்றிய ரப்பர் உறை, சென்டர் கன்சோல். பிரேக் பெடலும் மாறும். ஆட்டோமேட்டிக்கின் அகலமான பெடல் அங்கேயே இருந்தால் கிளட்சை மிதிக்கும் கால் அதில் இடிக்கும்.

இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினால் வருடக்கணக்கில் இழுக்கும். அதே மாடலில், அதே இன்ஜினுள்ள, முன்னாலோ பக்கவாட்டிலோ மோதி நொறுங்கிய மேனுவல் கார் ஒன்றை முழுசாக வாங்குங்கள். டோனர் கார் என்று சொல்வார்களே, அதுதான். கிளிப், வாஷர், அடைப்பான் வரைக்கும் அதிலிருந்து வரும். உங்கள் காரில் எது எப்படி மாட்ட வேண்டும் என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்ப்பதற்கும் பக்கத்திலேயே ஒரு கார் நிற்கும். பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

சாலையோரம்

மாற்றுக் கருத்து ஒன்று. கேட்டவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். முழு மேனுவல் கார் ஒன்றை வாங்கித்தான் மாற்ற வேண்டும் என்றால், ஓடுகிற நிலையிலுள்ள மேனுவல் காரையே வாங்கிவிட்டு இதைப் பாகங்களுக்காக விற்றுவிடலாமே. மாற்றம் செய்த காரை விற்கும்போது வாங்குபவர் தயங்குவார். ஒயரிங்கில் கை வைத்த கார் என்றாலே பேரம் கீழே போகும். நேரமும் பணமும் சேர்த்துக் கணக்குப் போட்டால் இது பெரும்பாலும் நஷ்டம்தான்.

பின்சக்கரம்

கோபமெல்லாம் இல்லை, நியாயமான கேள்வி. நானும் தேடிப் பார்த்தேன். இந்த மாடலில் மேனுவலாக விற்பனைக்கு வருபவை எல்லாம் அடித்தளம் துருப்பிடித்தவை, அல்லது இன்ஜின் ஓய்ந்தவை. என் காரின் பாடி மாதிரி ஒன்று கிடைக்கவில்லை. விற்கிற எண்ணமும் இல்லை. இந்தக் காரை நானே வைத்து ஓட்டத்தான் இந்த வேலை.

சாலையோரம்

அப்படியென்றால் என் வாதம் அடிபட்டுப் போகிறது. நல்ல பாடிதான் பழைய காரில் கிடைக்காத பொருள், கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டலாம். செய்யுங்கள்.

ஒயரிங்கை

இதுவரை யாரும் மின்சாரப் பக்கத்தைத் தொடவில்லை. 1990களின் கடைசிக் கார் என்றால் கஷ்டம் அங்கேதான். பாக்ஸை இறக்கி ஏற்றுவது உடல் உழைப்பு, அதற்கு முடிவு உண்டு. இன்ஜினை ஆளும் கணினியான இ.சி.யூ. ஒத்துழைக்கவில்லை என்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஸ்டார்ட் ஆவதில் தொடங்கலாம். ஆட்டோமேட்டிக் காரில் லீவர் பி-யிலோ (பார்க்) என்-னிலோ (நியூட்ரல்) இருந்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அந்த நிலையைச் சொல்லும் சுவிட்ச் பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும். பாக்ஸ் போனால் சுவிட்சும் போகும், ஸ்டார்ட்டர் சுற்றாது. பலர் அந்த இரண்டு ஒயர்களை நேராக இணைத்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிச் செய்தால் கார் கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பினால் முன்னால் பாயும். முன்னால் ஒரு குழந்தை நின்றால்? டோனர் காரின் கிளட்ச் பெடல் சுவிட்சை அந்த இடத்தில் இணையுங்கள். கிளட்சை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

அதே சுவிட்ச் இ.சி.யூ.வுக்கும் ஒரு சேதி சொல்கிறது. கியரில் போட்டால் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) இன்ஜினை இழுக்கும் என்பதால், ஐடில் (நின்றபடி ஓடும் வேகம்) விழாமல் இருக்க இ.சி.யூ. முன்கூட்டியே காற்றைக் கூட்டும். ஆட்டோமேட்டிக் இ.சி.யூ.வை அப்படியே வைத்தால் இந்தச் சேதி என்ன நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து ஐடில் தடுமாறலாம். கியர் மாறும் நொடியில் டி.சி.யூ. (ஆட்டோமேட்டிக் பாக்ஸின் கணினி) கேட்டால் இக்னிஷனைத் தாமதித்து இன்ஜின் விசையைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. டி.சி.யூ.வைக் கழற்றிவிட்டால் இ.சி.யூ. பதில் வராத ஒன்றை அழைத்துக்கொண்டே இருக்கும், மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

தீர்வு மூன்று விதம். டோனர் காரின் இ.சி.யூ.வையே மாட்டலாம். ஆனால் இம்மொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத மின்பூட்டு) இருந்தால் சாவி, இம்மொபிலைசர் பெட்டி, இ.சி.யூ. மூன்றும் ஒரே காரிலிருந்து ஜோடியாக வர வேண்டும். டோனர் காரை முழுசாக வாங்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். இரண்டாவது, உங்கள் இ.சி.யூ.விலேயே மேனுவலுக்கான மென்பொருளை ஏற்றுவது. மூன்றாவது, வெளியிலிருந்து தனி இ.சி.யூ. வாங்கி முழுக்க டியூன் செய்வது. தினமும் ஓட்டும் காருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

பி.எம்.டபிள்யூ. இ46 ஓட்டுபவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: அங்கே இன்ஜின், மீட்டர், நிலைத்தன்மைக் கட்டுப்பாடு எல்லாமே ஆட்டோமேட்டிக் பெட்டி ஒன்று வலையில் இருப்பதாக எதிர்பார்க்கும். காருக்குள் பதிந்திருக்கும் உபகரணக் குறியீட்டை மேனுவலாக மாற்றி, அந்தப் பெட்டிகளைத் திரும்பக் கோடிங் செய்ய வேண்டும். பி-என் சேதி இம்மொபிலைசருக்கும் போகிறது என்பதால் அதைக் கவனிக்காமல் ஸ்டார்ட் ஆகாது.

ரிவர்ஸ் விளக்கை மறக்காதீர்கள். மேனுவல் பாக்ஸில் அதற்கென்று தனி சுவிட்ச் உண்டு, பழைய ஒயரை அதோடு சேர்த்தால் போதும். லீவர் பி-யில் இல்லாவிட்டால் சாவியை வெளியே விடாத பூட்டும் சில கார்களில் இருக்கும், அதையும் விடுவிக்க வேண்டும்.

பின்சக்கரம்

ஒயரிங்கை சார், இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி. என் காரில் இம்மொபிலைசர் இருக்கிறது, ஆகவே மூன்றையும் சேர்த்தே எடுக்கிறேன்.

அடுத்த சந்தேகம். பின்னால் டிஃபரன்ஷியலை (விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அப்படியே விடலாமா? பல்லெண்ணிக்கை மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் வேறு என்று படித்தேன்.

பல்சக்கரம்

அதைப் பார்க்காமல் விடாதீர்கள். ஓட்டும் சுகமே அதில்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் உருளும் என்று வையுங்கள். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 833 முறை சுற்றும். டிஃபரன்ஷியல் விகிதம் 3.9, ஆட்டோமேட்டிக்கின் கடைசி கியர் 0.75 என்றால் இன்ஜின் ஏறக்குறைய 2440-ல் ஓடும். இப்போது ஐந்தாவது கியர் நேர் விகிதமாக, அதாவது 1.0 ஆக இருக்கும் மேனுவல் பாக்ஸை மாட்டுங்கள். அதே வேகத்தில் 3250. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. நெடுந்தூரம் போனால் காது வலிக்கும், பெட்ரோலும் போகும். டிஃபரன்ஷியலை 3.0 ஆக மாற்றினால் 2500-க்குத் திரும்பிவிடும்.

கீழ் கியரிலும் இதே கதை. டார்க் கன்வெர்ட்டர் புறப்படும்போது விசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும், அதனால் ஆட்டோமேட்டிக்கின் முதல் கியர் அவ்வளவு குட்டையாக இருக்கத் தேவையில்லை. மேனுவலில் அந்த உதவி இல்லை. நேர் விகித ஐந்து வேகப் பாக்ஸ்களில் முதல் கியர் 4-ஐத் தாண்டுவதுண்டு. அதோடு 3.9 சேர்ந்தால் முதல் கியர் போட்டதும் முடிந்துவிடும், கார் நகரத் தொடங்கும் முன்பே இரண்டுக்குக் கை போகும்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் மேனுவல் பாக்ஸின் ஐந்தாவது கியர் ஓவர்டிரைவாக, அதாவது 1-க்குக் கீழே 0.8 பக்கம் இருந்தால் பழைய டிஃபரன்ஷியலே பொருந்தலாம், கார் கொஞ்சம் சுறுசுறுப்பாகவும் இருக்கும். முதலில் டிஃபரன்ஷியல் மேல் ஒட்டிய தகட்டில் என்ன எண் என்று பாருங்கள். தகடு போயிருந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் சுற்றிச் சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்ற வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கி வைத்து எண்ணினால் அது இரட்டிப்பு வேகத்தில் சுற்றும், அதற்கேற்பக் கணக்கிடுங்கள்.

டிஃபரன்ஷியல் மாறினால் ஸ்பீடோமீட்டர் கணக்கும் மாறலாம். வேக சென்சார் கியர்பாக்ஸின் வால்பகுதியில் இருந்தால் தவறாகக் காட்டும். சக்கரத்திலிருந்து எடுக்கும் கார்களில் அந்தத் தொல்லை இல்லை.

புதியவள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது முன்சக்கர இயக்கச் சின்னக் கார், சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) பாக்ஸ். அதற்கும் இதே வழிதானா?

பட்டறைவாசி

அடிப்படை அதேதான் அம்மா, ஆனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இல்லை, பதிலுக்கு இரண்டு பக்க ஆக்சில்களும் நீளம் மாறலாம். இன்ஜின் மவுண்ட்டுகளும் சில நேரம் கீழ்ச் சட்டமும் வேறு. லீவரிலிருந்து பாக்ஸுக்குக் கேபிள் போகும். உங்கள் கார் புதிய தலைமுறை என்றால் ஒயரிங்கை சொன்ன மின்சாரப் பகுதி இன்னும் கூடும். வாரண்ட்டி இருக்கும் காரைத் தொடவே தொடாதீர்கள். தனி இழை போடுங்கள், மாடலைச் சொன்னால் தெரிந்தவர்கள் வருவார்கள்.

இரும்புக்கட்டை

பழைய வி8 வைத்திருப்பவன் நான். பட்டறைவாசி அண்ணன் பைலட் பேரிங் பற்றிச் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆட்டோமேட்டிக்குக்கென்று வார்த்த கிராங்க்கில் பைலட் பேரிங்குக்கான துளையே கடையப்படாமல் இருக்கலாம். பழைய கிரைஸ்லர் வி8 இன்ஜின்களில் இது எல்லோரும் அறிந்த விஷயம். கிராங்க்கைக் கழற்றிக் கடைய வேண்டும், அல்லது கன்வெர்ட்டர் உட்காரும் பெரிய குழியில் பொருந்தும் பேரிங் ஒன்றைப் போட வேண்டும், அல்லது இன்புட் ஷாஃப்டின் முனையைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். பாக்ஸை வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து கிராங்க்கின் பின்பக்கம் பாருங்கள்.

இன்னொன்று சமநிலை. சில இன்ஜின்களில் சமன்செய்யும் எடையில் ஒரு பங்கு ஃப்ளைவீலில்தான் இருக்கும். ஃபோர்டு 302 வி8 இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமன் எடையின் அளவு ஆரம்பத்தில் 28 அவுன்ஸ்-அங்குலம், 1980களின் தொடக்கத்திலிருந்து 50. இரண்டு ஃப்ளைவீலும் போல்ட் துளையில் பொருந்தும். தவறானதை மாட்டினால் இன்ஜின் அதிரும், மெயின் பேரிங் அடிபடும்.

டீசல்மணம்

ஃப்ளைவீல் பேச்சு வந்ததால்: டீசல் காரில் மேனுவல் பாக்ஸுக்கு இரட்டைத் தட்டு ஃப்ளைவீல் வந்திருந்தால் அதையே போடுங்கள். மலிவு என்று ஒற்றைத் தட்டுக்குப் போனால் ஐடிலில் பாக்ஸுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். இன்ஜினின் துடிப்பைப் பாக்ஸுக்குப் போகவிடாமல் உறிஞ்சுவதுதான் அந்த இரட்டைத் தட்டின் வேலை.

பின்சக்கரம்

டோனர் கார் கிடைத்துவிட்டது! முன்பக்கம் நொறுங்கியது, பின்னால் எல்லாம் முழுசு. சாவி, இ.சி.யூ., இம்மொபிலைசர் மூன்றும் இருக்கின்றன. அதன் டிஃபரன்ஷியலையும் எடுத்துக்கொள்கிறேன். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பு) கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் உட்காரும் இடத்தில் என் காரில் ஒரு சின்ன மூடித் தகடு இருக்கிறது. அதைக் கழற்றினால் துளை தயாராகவே இருந்தது. பாக்ஸை ஏற்றும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லுங்கள் அண்ணா.

பட்டறைவாசி

நல்லது. பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிராங்க்கின் பின் ஆயில் சீலை மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் புதுக் கிளட்ச் ஆயிலில் நனைந்து வீணாகும், பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ரிலீஸ் பேரிங் புதிதாகப் போடுங்கள். ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே இருக்கும் வகை என்றால் அதையும்.

ஃப்ளைவீலைக் கடைசல் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீராக்கிக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், குறுக்கு வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். சில இன்ஜின்களில் அந்தத் துளைகள் ஆயில் இருக்கும் பகுதிக்குள் திறக்கும், அங்கே மரைக்குச் சீலண்ட் வேண்டும். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த அதற்குரிய தண்டைப் பயன்படுத்துங்கள், கண்ணளவு வேண்டாம்.

ஏற்றும்போது பொறுமை வேண்டும். பாக்ஸ் முழுக்க உட்காராமல் ஒரு விரல் இடைவெளி நிற்கும். அப்போது பெல் ஹவுசிங் போல்ட்டுகளை மாட்டி இழுத்து உட்கார வைக்கலாம் என்று கை பரபரக்கும். செய்யவே கூடாது. பெல் ஹவுசிங்கின் போல்ட் காது உடையும், அல்லது பிளேட்டின் நடுப்பகுதி வளையும். பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்கவும் விடாதீர்கள். ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, கியரில் போட்டு, பின்முனை ஷாஃப்டை மெல்லத் திருப்பினால் பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சட்டென்று உள்ளே போகும். இரண்டு டவல் பின்களும் இன்ஜினில் இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். பாக்ஸை நேர்க்கோட்டில் நிறுத்துவது போல்ட் அல்ல, அந்தப் பின்தான். வேறு இன்ஜினின் பெல் ஹவுசிங்கையோ அடாப்டர் தகட்டையோ போடுபவர்கள் டயல் கேஜ் வைத்து மைய விலகலை அளந்தே ஆக வேண்டும், அது 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். உங்களுடையது கம்பெனிப் பாகமே என்பதால் பின்கள் ஒழுங்காக இருந்தால் போதும்.

ஆயில் விஷயத்தில் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். மேனுவல் என்றாலே கெட்டியான கியர் ஆயில் என்று நினைத்துவிடாதீர்கள். போர்க்-வார்னர் டி5 மேனுவல் பாக்ஸின் பிற்கால வகை ஏ.டி.எஃப்.-இல் (ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில்) ஓடுவது. ஜி.எல்.-4 தர கியர் ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜி.எல்.-5 ஊற்றினால், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையங்களின் பித்தளையை அது அரிக்கக்கூடும்.

ரேடியேட்டருக்குள் ஓடிய பழைய ஆயில் கூலர் குழாய்கள் இரண்டையும் கழற்றி, முனைகளை மூடிவிடுங்கள்.

சாலையோரம்

ஓட்டுவதற்கு முன் இன்னும் இரண்டு விஷயம். ஆட்டோமேட்டிக்கில் பி-யில் போட்டால் பாக்ஸுக்குள் ஒரு கொக்கி காரைப் பிடித்துக்கொள்ளும், பலர் ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதே இல்லை. அதனால் கேபிள் இறுகியோ துருப்பிடித்தோ கிடக்கும். இனி சரிவில் நிறுத்தினால் அதையும் கியரையும் நம்பித்தான் கார் நிற்கும். கேபிளையும் லைனிங்கையும் சரிபார்த்துவிடுங்கள்.

அப்புறம் பதிவுச் சான்றிதழும் காப்பீடும். விதி நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது எங்கே இருந்தாலும் உங்களுக்கு நல்லது. விபத்துக்குப் பிறகு அவர்கள் கண்டுபிடிப்பதைவிட முன்பே நீங்கள் சொல்வது மேல். வீட்டில் ஆட்டோமேட்டிக் உரிமம் மட்டும் உள்ளவர்கள் இந்தக் காரை ஓட்டிவந்தால் அதையும் யோசியுங்கள்.

பின்சக்கரம்

கார் ஓடுகிறது. எழுதும்போதே கை நடுங்குகிற அளவுக்கு மகிழ்ச்சி. பாக்ஸ் பட்டறைவாசி அண்ணன் சொன்னபடியே, ஒரு விரல் இடைவெளியில் நின்று, ஷாஃப்டைத் திருப்பியதும் உள்ளே போனது. கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, ரிவர்ஸ் விளக்கு எரிகிறது, எச்சரிக்கை விளக்கு இல்லை. நெடுஞ்சாலையில் 100-ல் 2600 பக்கம் நிற்கிறது. இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது இந்த இன்ஜினில் இவ்வளவு உயிர் இருந்ததா என்று தோன்றியது.

ஒரே ஒரு குறை. க்ரூஸ் கண்ட்ரோல் (வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் வசதி) போட்டுவிட்டு கிளட்சை மிதித்தால் இன்ஜின் சீறிக்கொண்டு மேலே போகிறது. பிரேக்கைத் தொட்டால்தான் விடுகிறது.

ஒயரிங்கை

வாழ்த்துகள். கிளட்ச் பெடலில் இரண்டு சுவிட்ச் இருக்க வேண்டும். கீழே முழுக்க மிதித்தால் வேலை செய்வது ஸ்டார்ட்டருக்கு. மேலே, பெடலை லேசாகத் தொட்டாலே மாறுவது க்ரூஸைத் துண்டிக்க. இரண்டாவதை இணைக்காததால் கிளட்ச் விடுபட்டது க்ரூஸுக்குத் தெரியவில்லை, வேகம் குறைகிறதே என்று ஆக்சிலரேட்டரைத் திறக்கிறது. டோனர் காரின் பெடல் தாங்கியில் மேல்பக்கம் பாருங்கள், சுவிட்ச் அங்கேயே இருக்கும். அதை இணைக்கும் வரை க்ரூஸைத் தொடாதீர்கள்.

பின்சக்கரம்

இருந்தது, பிளக் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. டோனர் காரிலிருந்து ஒயரை நீட்டி இணைத்துவிட்டேன். இப்போது பெடலில் கால் பட்டதுமே க்ரூஸ் விடுகிறது. புதுக் கிளட்சை எவ்வளவு தூரம் மென்மையாக ஓட்ட வேண்டும்?

பட்டறைவாசி

சுமார் 800 கி.மீ., அதுவும் நின்று புறப்படும் ஊர்ச் சாலைகளில். நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போன தூரம் கணக்கில் வராது, பிளேட் உரசிப் பழகினால்தான் முகம் படியும். அதுவரை அதிக ஆர்.பி.எம்.-இல் கிளட்சை விட்டுப் புறப்பட வேண்டாம். அந்தத் தூரம் முடிந்ததும் காரைத் தூக்கி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகளையும் குறுக்குச் சட்டத்தையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள் தம்பி.